மாணவர் இதழுக்கு வாசகர் வேண்டாமா?

பிள்ளைகள் எழுதிப் பழகத்தான் மாணவர் இதழ். எழுதியதை அச்சில் பார்த்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. யார் படிக்கிறார்கள், என்ன தேடுகிறார்கள் என்று ஆராய்வதெல்லாம் காசுக்கு விற்கும் பத்திரிகைகளின் கவலை. நம் பள்ளி, கல்லூரிகளில் இந்தக் கருத்துக்கு எதிர்ப்பே கிடையாது. தமிழாசிரியர்கள் இதை நம்புகிறார்கள், முதல்வர்கள் நம்புகிறார்கள், இதழ்க் குழுவில் சேரும் மாணவர்களும் முதல் கூட்டத்திலேயே ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதால் இதை மறுத்துப் பேச எல்லாருக்கும் தயக்கம். நான் மறுக்கிறேன். மாணவர்களுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, எழுத்தின் மீது அவர்களுக்கு இருக்கும் கொஞ்ச நம்பிக்கையையும் இந்தக் கருத்து அழித்துக்கொண்டிருக்கிறது.

விளைவைக் காண ஏதாவது ஒரு கல்லூரியின் ஆண்டு மலரைப் புரட்டினால் போதும். தாளாளர், செயலர், முதல்வர் படங்களும் வாழ்த்துச் செய்திகளும் முதலில் வரும். பிறகு துறை அறிக்கைகள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம், தேசிய மாணவர் படை அணிவகுப்பு, விளையாட்டு விழா, வரிசை வரிசையாகக் குழுப் படங்கள். அதற்கப்புறம் தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி. அம்மா, நட்பு, மழை, மரம் என்ற தலைப்புகளில் கவிதைகள். மீந்த இடங்களில் பொன்மொழிகளும் பொது அறிவுத் துணுக்குகளும். எல்லாம் வழவழப்பான ஆர்ட் பேப்பரில், பல வண்ண அட்டையோடு. கல்விக் கட்டணத்தோடு இதழுக்கும் சேர்த்தே பணம் வாங்கிவிடுவதால் யாராவது விரும்பி எடுப்பார்களா என்ற கேள்வி எழுவதே இல்லை. பல கல்லூரிகளில் மலர் அச்சாகி வரும்போது கல்வியாண்டு முடிந்திருக்கும். பணம் கட்டிய மூன்றாமாண்டு மாணவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்குரிய பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் துறை அலமாரியில் கிடக்கும். இரண்டாமாண்டில் இருக்கிற, ஒரு கட்டுரை எழுதிய பெண் தன் பக்கத்தைப் பார்ப்பாள், தோழியின் படத்தைத் தேடிப் பார்ப்பாள், மூடி வைத்துவிடுவாள். அவள் எழுதியதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த மௌனத்திலிருந்து அவள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். அச்சில் வருவது என்றால் பெயர் வருவது. ஒருவருக்கு ஒன்றைச் சொல்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே அவள் கற்றது. அடுத்த ஆண்டு இன்னொன்று கேட்டால் கைக்கு வந்த அலங்காரச் சொற்களை அடுக்கித் தருவாள், இல்லாவிட்டால் இணையத்திலிருந்து எடுத்துத் தருவாள். அவளைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். இதே பெண் வகுப்பில் நடந்த சண்டையைத் தோழியிடம் சொல்லும்போது எங்கே தொடங்குவது, எதை விடுவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்று அத்தனையும் தெரிந்து சொல்கிறாள். கேட்பவள் எதிரில் இருக்கிறாள். அவள் முகம் மாறுவது இவளுக்குத் தெரிகிறது. இதழுக்காகப் பேனாவை எடுத்ததும் அந்தத் திறமை காணாமல் போகிறது என்றால், அவளுக்கு எதிரில் யாரையும் நாம் உட்கார வைக்கவில்லை என்பதுதான் காரணம்.

எழுதிப் பழக வாசகர் தேவையில்லை என்ற கருத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர் தன் செயலால் பதில் சொல்லியிருக்கிறார். பிரான்சின் தென்கோடியில் பார்-சூர்-லூ என்ற மலைச்சரிவு ஊரில் 1920-இல் ஆசிரியராக வந்தவர் செலஸ்தன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டதால் வகுப்பில் நெடுநேரம் குரலெடுத்துப் பேச முடியாதவர். சில ஆண்டுகளில் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதினார்கள். எதை அச்சிடுவது என்று கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஈய எழுத்துகளைத் தாங்களே கோத்து அச்சடித்தார்கள். இதுவரை சொன்னால் நம் பள்ளிகளிலும் எல்லாரும் ஆமோதிப்பார்கள். ஃப்ரெனே அதோடு நிற்கவில்லை. 1920-களின் நடுவில், நாட்டின் மறுகோடியில் பிரிட்டனிக் கடற்கரைப் பகுதியில் ரெனே தானியல் என்ற ஆசிரியர் நடத்திய பள்ளியோடு ஏற்பாடு செய்துகொண்டார். இங்கே அச்சான தாள்கள் அங்கே போயின, அங்கே அச்சானவை இங்கே வந்தன. அச்சுப்பொறியைவிட இந்தத் தபால் பரிமாற்றத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

மலையூர்ப் பிள்ளை ஒருவன் நேற்று ஆரஞ்சுப் பூ பறித்தோம் என்று எழுதி அனுப்பினால் கடலோரப் பிள்ளைக்கு விளங்காது. பழத்தை விட்டுப் பூவை எதற்குப் பறிக்கிறீர்கள் என்று கேட்பான். வாசனைத் தைலம் வடிக்கத்தான் என்று இவன் சொல்ல வேண்டும். பூவை விடிகாலையில் பறிப்பதா வெயில் ஏறிய பிறகா, பறிப்பவர்கள் யார், கூலி நாளுக்கா எடைக்கா என்று கேள்விகள் வரிசையாக வரும். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது எது, வெளியாருக்குச் சொல்லியே ஆக வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எந்த இலக்கண வகுப்பும் தந்துவிட முடியாது. முகம் தெரியாத, ஆனால் பெயர் தெரிந்த ஒரு வாசகன் தருகிறான்.

இதைக் கற்க பிரான்சு வரை போக வேண்டியதும் இல்லை. தமிழில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தது. ஒரே ஒரு பிரதி. அது தெருவில் வீடு வீடாகவோ விடுதியில் அறை அறையாகவோ கைமாறும். கடைசியில் சில வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். படித்தவர் தன் கருத்தை அங்கே எழுதிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கதையின் முடிவு பிடிக்காதவர் பிடிக்கவில்லை என்று எழுதுவார், பிழை கண்டவர் பிழையைக் குறிப்பார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் அடுத்த இதழ் தயாராகும். பின்னாளில் பெயர் பெற்ற தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு அதுவே முதல் பட்டறை. ஒரு பிரதி இரண்டாயிரம் பிரதியாகப் பெருகியபோது நாம் முதலில் வெட்டி எறிந்தது அந்த வெற்றுப் பக்கங்களைத்தான்.

வாசகர் ஆய்வு வேண்டாம் என்பதற்கு ஆசிரியர்கள் சொல்லும் காரணம் இலட்சியம் சார்ந்தது. மாணவர்கள் சொல்லும் காரணம் வேறு. நாங்களும் மாணவர்கள், படிப்பவர்களும் மாணவர்கள், எங்களைவிட அவர்களை யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதழ்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், மேடை ஏறிப் பழகியவர்கள், வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் தங்க முடிந்தவர்கள். தங்க முடியாதவர்கள் யார்? கடைசி வகுப்பு முடிந்ததும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், மாலையில் துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ வேலைக்கு நிற்கிறவர், விடுதி வருகைப் பதிவுக்குள் திரும்ப வேண்டியவர். இரண்டு ஷிஃப்டாக நடக்கும் கல்லூரிகளில் இதழ்க் குழு பெரும்பாலும் காலை ஷிஃப்ட் மாணவர்களாலேயே நிரம்பிவிடுகிறது. பிற்பகல் ஷிஃப்டில் படிப்பவர்கள் அதே கட்டடத்தில் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தும் இதழுக்குள் அவர்கள் வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலோடு தனியாகப் போராடும் பெண்ணை, மூன்றாமாண்டு ஆங்கில இலக்கிய மாணவிக்கு எவ்வளவு தெரியும்? வயது ஒன்று, அடையாள அட்டையின் நிறம் ஒன்று, அவ்வளவுதான். பள்ளியில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்கு இதழ் கொண்டுவந்தபோது நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு' என்று பிரித்தே கொண்டுவந்தது. ஒரு மேல்நிலைப் பள்ளி மலரோ ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிளஸ் டூ மாணவருக்கும் ஒரே புத்தகத்தை நீட்டுகிறது. இருவரையும் நினைக்காமல் தயாரான புத்தகம் அது.

தன்னைச் சுற்றி இருப்பவர்களையே உலகம் என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பத்திரிகை வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பு 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஆல்ஃப் லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். பெயர்ப் பட்டியல்களைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் தன் சந்தாதாரர்களிடமிருந்தும் இதழ் எடுத்திருந்தது. பொருளாதார மந்தம் வாட்டிய காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, பதில் எழுத மெனக்கெட்டவர்களின் குரல் மட்டுமே எண்ணிக்கைக்குள் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த இதழ் நின்றுபோனது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவம் ஒன்றைப் போட்டு, வந்த பதில்களை வண்ண வட்டமாக வரைந்து ஆய்வு முடிந்தது என்று சொல்லும் குழுவும் இதே பாதையில்தான் போகிறது. அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் குழுவின் நண்பர்கள். நிரப்பாதவர்களைத் தேடிப் போவதில்தான் ஆய்வு தொடங்குகிறது.

அதே 1936-இல் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் கேலப். அவரைக் கருத்துக்கணிப்புக்காக உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மாணவர் இதழ் நடத்துவோர் அவரை நினைக்க இன்னொரு காரணம் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் 'டெய்லி அயோவன்' என்ற மாணவர் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். 1928-இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வே செய்தித்தாளை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது பற்றியதுதான். அதற்கு முன்பெல்லாம் எந்தப் பகுதி உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். கேலப் அப்படிக் கேட்கவில்லை. செய்தித்தாளை வாசகர் முன் விரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பத்தி பத்தியாகக் காட்டி, இதைப் படித்தீர்களா, எதுவரை படித்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போனார். தலையங்கமும் முக்கியச் செய்திகளும் படிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்மையில் படங்களையும் சித்திரக் கதைகளையுமே அதிகம் படித்திருந்தார்கள். மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல வாசகராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. கேள்வி அந்த ஆசையைத் தூண்டும்படி அமைந்தால் பதிலும் அப்படியே வரும்.

நம் கல்லூரியிலும் உங்கள் இதழில் எது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அறிவியல், பொது அறிவு, வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை என்றே எழுதித் தருவார்கள். அப்படியே அச்சிட்டால் கேட்டவரே படிக்க மாட்டார். அதனால் போன ஆண்டு மலரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இருவர் இருவராகப் போவது நல்லது. ஒருவர் பேச, ஒருவர் குறிக்கலாம். பிரதியை எதிரில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்புங்கள். இதைப் பார்த்தாயா, தலைப்பு மட்டுமா, எந்த வரியில் விட்டாய், ஏன் விட்டாய்? பதில் சொல்பவர் யோசிக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி முப்பது பேரிடம் உட்கார்ந்தால் கிடைப்பது, முந்நூறு படிவங்களில் கிடைக்காது. அந்த முப்பது பேரையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா ஆண்டிலிருந்தும், எல்லா ஷிஃப்டிலிருந்தும், விடுதியிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும், மேடைப் பக்கமே வராத கடைசி பெஞ்சிலிருந்தும் ஆட்கள் வேண்டும். குழுவில் யாருக்கும் நண்பராக இல்லாதவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை விருப்பத்தைப் பற்றியவை அல்ல; நடந்ததைப் பற்றியவை. நேற்று பஸ்ஸில் வரும்போது செல்போனில் கடைசியாக எதைப் படித்தாய்? எதையாவது படித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்பினாயா, யாருக்கு, ஏன்? இந்தக் கல்லூரியில் தெரியாமல் போனதால் உனக்கு நஷ்டமான விஷயம் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களே ஓர் இதழை நிரப்பும். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தகுதி இருந்தும் வங்கிக் கணக்குச் சிக்கலில் நின்றுபோனதை ஒருவர் சொல்லலாம். அரியர் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டப்பட்டு, பார்க்காமல் விட்டதை இன்னொருவர் சொல்லலாம். இவற்றை விசாரித்து எழுதுகிற மாணவர், அலுவலகத்துக்குப் போய்க் கேள்வி கேட்பார், பதிலைச் சரிபார்ப்பார், எளிய தமிழில் எழுதுவார். தவறாக எழுதினால் மறுநாள் ஒருவர் வந்து சட்டையைப் பிடிப்பார். இதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சி எங்கே இருக்கிறது?

பிரதி வீட்டுக்குப் போனதா என்றும் கேட்க வேண்டும். கல்லூரிக்கு முதன்முதலாக வந்த பிள்ளையின் வீட்டில் அந்த மலரை அப்பா எடுத்துப் பார்க்கிறார், பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவர்களும் வாசகர்கள். பக்கத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கிய வடிவமைப்பாளருக்கு அவர்கள் நினைவு வந்திருக்காது.

இங்கே காட்சித் தொடர்பியல் துறை மாணவர்கள் குறுக்கிட்டு, நாங்கள் ஆய்வு செய்கிறோமே என்பார்கள். அவர்களுடைய செய்முறை ஏட்டில் இலக்கு வாசகர் என்று ஒரு கட்டம் இருக்கும். 18 முதல் 24 வயது, நகர்ப்புறம், நடுத்தர வர்க்கம், இசையிலும் தொழில்நுட்பத்திலும் ஆர்வம் என்று நிரப்பியிருப்பார்கள். இந்தக் கட்டம் விளம்பர உலகத்திலிருந்து வந்தது. பிரிட்டனில் குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் தொழிலை வைத்து ஏ, பி, சி1 என்று வகுத்தார்கள். இந்தியாவில் 2011-இல் வந்த முறையில், அவர் எதுவரை படித்தார், பட்டியலிட்ட 11 சாதனங்களில் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்ற இரண்டை வைத்து ஏ1-இலிருந்து இ3 வரை தரம் பிரித்தார்கள். சோப்பு விற்பவருக்கு எந்தப் பத்திரிகையில் விளம்பரம் தரலாம் என்று சொல்ல அது பயன்படும். இருபத்து நான்கு மணி நேரத்தில் எந்தப் பதினைந்து நிமிடம் அந்த மாணவருக்குப் படிக்கக் கிடைக்கிறது என்பதை வீட்டில் ஃப்ரிட்ஜ் இருப்பது சொல்லாது. கட்டத்தை நிரப்பியவர்கள் ஒரு மாணவரிடம்கூடப் பேசியிருக்கத் தேவையில்லை என்பதே அதன் குறை. வாசகரைப் பற்றி எதையும் அறியாமல் அறிந்ததுபோல் எழுத அது இடம் கொடுக்கிறது.

வாசகரை அறியாத இதழுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. வாசகர் பெயரைச் சொல்லி வேறொருவர் கத்தரிக்கோலை எடுப்பார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 'ஸ்பெக்ட்ரம்' என்ற இதழை நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டில் 4,500-க்கும் மேற்பட்ட பிரதிகள் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஊராருக்கும் போயின. 1983-இல் பள்ளியில் கருவுற்ற மூன்று மாணவிகளின் அனுபவத்தையும், பெற்றோர் மணவிலக்கு பிள்ளைகளைப் பாதிப்பதையும் எழுதினார்கள். புரூஃப் பார்த்த பள்ளி முதல்வர் அவை இருந்த இரண்டு பக்கங்களையும் நீக்கினார். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1988-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலுறவு, கருத்தடை பற்றிய பேச்சு இளைய மாணவர்களுக்கு ஏற்றதன்று என்பது பள்ளி சொன்ன காரணங்களில் ஒன்று. பதினான்கு வயது வாசகரின் பெயரால் பக்கங்கள் போயின.

தீர்ப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த முதல்வர் எழுப்பிய இன்னொரு கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. மாணவிகளின் பெயரை மாற்றியிருந்தாலும், பள்ளியில் படிப்பவர்கள் யார் யார் என்று கண்டுகொள்வார்கள் என்றார் அவர். சென்னைப் பத்திரிகையில் பெயர் மாற்றி எழுதினால் ஆள் மறைந்துவிடுவார். ஒரே வளாகத்தில் சுற்றும் இதழில் மறைய மாட்டார். எந்தத் துறை, எந்த ஊர் பஸ் என்ற இரண்டு குறிப்பு போதும், அடுத்த இடைவேளைக்குள் எல்லா வாய்களிலும் பெயர் இருக்கும். மாணவர் இதழின் வாசகர், அதில் எழுதப்படுபவரை நேரில் அறிந்தவர். வேறெந்தப் பத்திரிகைக்கும் இந்த அளவுக்கு இல்லாத இந்த நிலையை உணராமல் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ ஒரு தற்கொலை முயற்சியைப் பற்றியோ எழுதினால், நல்ல நோக்கம் இருந்தும் ஒரு பிள்ளையைக் காயப்படுத்திவிடுவோம். யார் படிப்பார்கள் என்று கேட்காதவர்களுக்கு இந்தப் பொறுப்பு தெரியாது.

நம் கல்லூரிகளில் வழக்கு ஏதும் நடக்காது. பொறுப்பாசிரியர் பேனாவால் ஒரு கோடு போடுவார், முடிந்தது. பெற்றோர் பார்ப்பார்கள், சின்னப் பிள்ளைகள் படிப்பார்கள் என்பார். மாணவ ஆசிரியர்களிடம் பதில் இருக்காது, ஏனென்றால் பெற்றோரையும் அவர்கள் கேட்டதில்லை, சின்னவர்களையும் கேட்டதில்லை. மாறாக, முதலாண்டு மாணவிகளிடம் உட்கார்ந்து பேசியபோது, பாலியல் தொல்லை நேர்ந்தால் யாரிடம் புகார் தருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-இன் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படி அணுகுவது என்ற கட்டுரையை, இத்தனை பேருக்கு இது தெரியவில்லை என்ற குறிப்போடு முதல்வர் மேசையில் வைத்தால் அதை வெட்டுவது எளிதில்லை. வாசகர் ஆய்வைச் சமரசம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: அதிகாரத்துக்கு முன் மாணவ ஆசிரியருக்கு இருக்கும் ஒரே வலுவான சான்று அதுதான்.

படைப்பாளி யாரையும் மனத்தில் வைத்து எழுதக் கூடாது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஒரு கவிஞர் தனக்காக மட்டும் எழுதலாம். அந்தக் கவிதையை எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டுரைக்கு அடுத்து, எந்த எழுத்தளவில் போடுவது என்று முடிவெடுப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் வாசகரைப் பற்றியது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1889-இல் தொடங்கிய 'கிராண்டா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் அது வளாகச் செய்தியும் நையாண்டியும் கவிதையும் தாங்கிய மாணவர் இதழ். 1979-இல் பில் பியூஃபோர்டும் உடன் படித்த நண்பர்களும் அதை மறுபடி தொடங்கியபோது, வளாகத்துக்கு வெளியே புதிய இலக்கியம் தேடும் வாசகரை நோக்கித் திருப்பினார்கள்; முதல் இதழையே புதிய அமெரிக்க எழுத்துக்கு ஒதுக்கினார்கள். இன்று உலகறிந்த இலக்கிய இதழாக அது இருப்பதற்குப் பின்னால், வாசகர் யார் என்று மாணவர்கள் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது.

கேட்டால் சினிமாவும் கிரிக்கெட்டும்தான் கேட்பார்கள் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. கேட்கட்டும். ஆய்வு கட்டளையிடுவதில்லை; வாசகர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று காட்டுகிறது. சினிமாதான் அந்த இடம் என்றால், ஊரில் இருந்த தியேட்டர் ஏன் கல்யாண மண்டபமானது, அதில் படம் ஓட்டிய ஆபரேட்டர் இப்போது என்ன செய்கிறார் என்று எழுதலாம். சினிமா பிடித்தவர் படிப்பார். ஊரின் பொருளாதாரமும் அதற்குள் வந்திருக்கும். மாணவர்களுக்கு ரசனை இல்லை என்று கேட்பதற்கு முன்பே முடிவு கட்டுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நேரம் இல்லை என்பார்கள். கல்லூரி திறந்த முதல் மூன்று வாரம் போதும்; எட்டுப் பேர் கொண்ட குழு நான்கு ஜோடியாகப் பிரிந்தால் முப்பது பேரிடம் பேசுவது பெரிய பாரமில்லை. பணம் இல்லை என்பதும் பொருந்தாது. ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். நான்கு தாளை நடுவில் பின் அடித்தால் 16 பக்க இதழ். ஒரு பஸ் பயணத்தில் படித்து முடிக்கலாம். ஆர்ட் பேப்பர் மலருக்குச் செலவாகும் தொகையில் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் இப்படிப் பல இதழ்களை ஆண்டு முழுக்கக் கொண்டுவரலாம். முதல் இதழில் தவறியதை இரண்டாவதில் திருத்தலாம். ஆண்டுக்கு ஒன்று மட்டும் வரும் மலருக்குத் திருந்தும் வாய்ப்பே கிடையாது.

கடைசியில் நிற்பது நிர்வாகத்தின் மறுப்பு. மலர் இல்லாவிட்டால் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது எதைக் காட்டுவது, விழாவுக்கு வந்த விருந்தினருக்கு எதைக் கொடுப்பது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது ஆண்டறிக்கை. அதற்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துறை அறிக்கைகளும் குழுப் படங்களும் தேவைப்படுகின்றன. அதைத் தனி நூலாகக் கல்லூரி தன் பணத்தில் வெளியிடட்டும். மாணவர்களிடம் இதழுக்கென்று வாங்கிய தொகை மாணவர்கள் படிக்கும் இதழுக்கு மட்டுமே போக வேண்டும், போன ஆண்டு அது எப்படிச் செலவானது என்ற கணக்கையும் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் உரிமை எல்லா இதழ்க் குழுவுக்கும் உண்டு. புதிய கல்வியாண்டின் முதல் கூட்டத்தில், கவிதை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்புவதற்கு முன்பு, இந்த இரண்டு கோரிக்கைகளையும் குழு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.